18 வோல்ற்றா 21 வோல்ற்றா: அக்கரைப்பற்றுத் தம்பிக்கு

தம்பி, கதவு நிலை, ஜன்னல் வேலை தொடங்கப் போவதாகவும், 18 வோல்ற் ட்ரில்லா, விலை குறைந்த 21 வோல்ற் செற்றா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த 21இல் மயங்க வேண்டாம். இரண்டின் பற்றரியிலும் பொதுவாக வரிசையாக இருப்பது ஐந்து செல்தான், அதாவது ஐந்து சிறு மின்கலங்கள். முழுச் சார்ஜில் ஒன்று 4.2 வோல்ற், ஆகவே 21, சாதாரணமாக 3.6, ஆகவே 18. பெட்டியில் 48 என்று போட்டு விற்பதும் உண்டு, பற்றரியைத் திறந்தால் அதே ஐந்துதான்!

ட்ரில்லைப் பற்றரியில் எடுங்கள், பிரஷ் (தேயும் கரித்துண்டு) இல்லாத மோட்டார் நல்லது. வட்டவாளை மட்டும் கரண்டில் ஓடுவதாக வாங்குங்கள். 18 வோல்ற், 4 அம்பியர் மணி பற்றரியில் இருப்பது 72 வாற்று மணி. வட்டவாள் முதிரைப் பலகையில் 1200 வாற்று இழுத்தால் நாலு நிமிடம்கூடத் தாங்காது.

உளிக்குக் காசு பார்க்காதீர்கள். நான் கல்லடியில் பளபளப்பைப் பார்த்து வாங்கிய செற், பாலை மரத்தில் முதல் துளைக்கே வாய் மடங்கிவிட்டது. கடையிலேயே உளியின் பின்பக்கத்தைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், ஆடினால் விட்டுவிடுங்கள். தீட்டும்போது வன்மரத்துக்கு உளி வாயின் சாய்வு 30 பாகை. கைவாளில் பல்நுனி கறுத்திருந்தால் அது சூடேற்றி இறுக்கியது, அரம் பிடிக்காது, மழுங்கினால் புதிதுதான்.

அப்புறம், நம் பக்கம் கடற்காற்று. வேலை முடிந்ததும் உளி, வாளை மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வையுங்கள்.