மாவோவுக்கு எதிரி லியூ ஷாவோச்சி என்றால் ஆசிரியர்கள் ஏன் அடிபட்டார்கள்?

சீனாவின் கலாச்சாரப் புரட்சி ஏன் வந்தது என்று கன்னிமாராவில் உட்கார்ந்து எழுதிய பேப்பரை 'சித்தாந்த வெறி மட்டும் போதாது' என்று கைடு திருப்பிவிட்டார் என்கிறீர்கள். அவர் சொல்வது சரிதான் நண்பரே. மாவோவின் 'பெரும் பாய்ச்சல்' திட்டம் கொண்டுவந்த பெரும் பஞ்சத்தால் 1962-ல் அவர் கட்சிக் கூட்டத்திலேயே தவறை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது, அன்றாட நிர்வாகம் நாட்டின் தலைவர் லியூ, கட்சிப் பொதுச்செயலாளர் டெங் சியாவோபிங் கைக்குப் போயிருந்தது, கட்சி இயந்திரமே அவர்கள் பக்கம் இருக்க அதை வைத்தே அவர்களை எப்படிக் கவிழ்ப்பது? அதனால்தான் 1966 ஆகஸ்டில் 'தலைமையகத்தைத் தாக்குங்கள்' என்று செங்காவலர்கள் எனப்பட்ட மாணவர்களை இறக்கிவிட்டார். அவர்கள் கைக்கு எட்டிய அதிகாரம் ஆசிரியர்கள்தான், அதனால் அடி அவர்கள்மேல் விழுந்தது. போலீஸ் தடுக்கக் கூடாதென்று மேலிருந்தே உத்தரவு. சில வாரங்களில் பீஜிங்கில் மட்டும் 1,700 பேருக்கு மேல் செத்தார்கள்.

அப்புறம் 1968-ஐ விட்டுவிடாதீர்கள். ஒழுங்கை மீட்கிறோம் என்று ராணுவமும், புதிதாக அமைத்த உள்ளூர் நிர்வாக அமைப்புகளான புரட்சிக் குழுக்களும் இறங்கியபோது விழுந்த பிணங்கள், செங்காவலர்கள் கொன்றதைவிட அதிகம்.