ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இத்தனை பொருள்கள் இருந்தால் எப்படி நினைவில் வைப்பது?

பொருள்களை வரிசையாக மனப்பாடம் செய்யாதீர்கள். நானும் ஒரு சொல்லுக்கு ஏழெட்டுப் பொருள் என்று நோட்டில் எழுதி உருப்போட்டவன்தான். வாக்கியத்தில் அதே சொல் எதிர்ப்பட்டபோது எதை எடுப்பது என்று தெரியாமல் விழித்திருக்கிறேன்.

எனக்கு வழிகாட்டியது 'சார்ஜ்' என்ற சொல். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறோம். சேவைக்கு வாங்கும் கட்டணமும் சார்ஜ். நீதிமன்றத்தில் அதுவே குற்றச்சாட்டு. அலுவலகத்தில் ஒருவர் 'இன்சார்ஜ்'. இவற்றுக்குள் என்ன உறவு? அதன் வேர், வண்டியைக் குறிக்கும் லத்தீன் சொல். வண்டியில் பாரம் ஏற்றுவதே முதற்பொருள். இதைத் தெரிந்துகொண்ட அன்று தமிழைத் திரும்பிப் பார்த்தேன். நாமும் குற்றத்தைச் 'சுமத்துகிறோம்'. மின்சாரத்தில் 'மின்னேற்றம்' என்கிறோம். ஒரு வேலையைக் கவனிப்பவர் 'பொறுப்பாளர்'. பொறுத்தல் என்றால் தாங்குதல்தானே! அன்று வந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை. அதன்பின் 'டிஸ்சார்ஜ்' தானாகவே விளங்கியது: ஏற்றியதை இறக்குவது. பேட்டரி தீர்வதும், நோயாளி வீடு திரும்புவதும், படைவீரர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

எல்லாச் சொல்லும் இப்படி வசப்படாது. விளையாட்டில் வரும் 'மேட்ச்', இணையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. தீக்குச்சியைக் குறிக்கும் 'மேட்ச்' விளக்குத் திரிக்கான பழைய பிரெஞ்சுச் சொல். இங்கே உறவு தேடிப் பயனில்லை.

நான் உண்மையில் அஞ்சுவது, தெரிந்த சொல்தானே என்று நம்மை நம்பவைக்கும் சொற்களை. 'சாங்ஷன்' கடனுக்கு என்றால் ஒப்புதல், ஒரு நாட்டின் மீது என்றால் தடை. மருத்துவ அறிக்கையில் 'பாசிடிவ்' என்றால் தேடியது உடலில் தென்பட்டது என்று பொருள். பல நேரங்களில் அது நல்ல செய்தியே அல்ல. ஆகவே அகராதியைத் திறக்கும்முன், யார், எந்தத் துறையில் பேசுகிறார் என்று பாருங்கள். எந்த நாட்டவர் என்பதும் முக்கியம். பிரிட்டனில் ஒன்றை 'டேபிள்' செய்வது என்றால் உடனே விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்காவில் அதைத் தள்ளிவைப்பது. இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஒரு சொல்லால் இரு நாட்டு அதிகாரிகளும் நெடுநேரம் சூடாக வாதிட்டதைச் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இரு தரப்பும் விரும்பியது ஒன்றையே என்பது அதன் பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.