வாசகர் கேள்வி–பதில்: இணையத்தின் வழியே சேமிப்பகம்

கேள்வி: எங்கள் மாங்கூழ் ஆலையின் கணக்குகளும் ஏற்றுமதி ஆவணங்களும் கிருஷ்ணகிரியில் உள்ள ஒரு கணினித் தரவுச் சேமிப்பகத்தில் இருக்கின்றன. தருமபுரிக் கிளையில் அதன் நகல் ஒன்றை வைக்க விரும்புகிறோம். தரவை அனுப்ப ஐஸ்கஸி (iSCSI) என்ற நெறிமுறை போதும் என்று ஒரு விற்பனையாளரும், எஃப்சிஐபி (FCIP) வேண்டும் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். இரண்டுமே தரநிலைகள்தாம் என்றால் எதை எடுப்பது?
— ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: இரண்டும், இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் (IETF) அமைப்பு 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட தரநிலைகள்தாம். ஐஸ்கஸி அவ்வாண்டு ஏப்ரலில் ஆர்எஃப்சி (RFC, அந்த அமைப்பின் எண்ணிட்ட ஆவணம்) 3720 ஆகவும், எஃப்சிஐபி ஜூலையில் ஆர்எஃப்சி 3821 ஆகவும் வந்தன. ஆனால் அவை செய்யும் வேலை வேறு. ஐஸ்கஸி, கணினி வட்டுக்கு இடும் ஸ்கஸி கட்டளைகளை நேரடியாக டிசிபி (TCP, இணையத்தில் தரவைத் தொலையாமல் வரிசையாகச் சேர்க்கும் நெறிமுறை) இணைப்பில் அனுப்புகிறது; சாதாரண ஈத்தர்நெட் இருந்தால் போதும். எஃப்சிஐபி என்பதோ, இரண்டு ஊர்களில் ஏற்கெனவே இருக்கும் ஃபைபர் சேனல் வலையமைப்புகளை (சேமிப்பகங்களுக்கென்றே அமைந்த தனி வலையமைப்புகளை) ஐபி, அதாவது இணைய நெறிமுறை, வழியாக இணைக்கும் சுரங்கப்பாதை. உங்கள் ஆலையில் ஃபைபர் சேனல் சுவிட்ச் இல்லையென்றால் எஃப்சிஐபிக்கு அங்கே வேலையே இல்லை. விற்பனையாளரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

இத்தரநிலைகளுக்கு ஏன் இவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. ஃபைபர் சேனலில், பெறும் முனை தன்னிடம் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிவித்த பிறகே அனுப்பும் முனை தரவை அனுப்பும். அதனால் நெரிசலில் தரவு தொலைவது அரிது, வட்டு மென்பொருள்களும் அந்த நம்பிக்கையிலேயே எழுதப்பட்டவை. ஐபி வலையமைப்பு அப்படியல்ல. நெரிசல் வந்தால் பாக்கெட்டை (தரவுப் பொட்டலத்தை) விட்டுவிடும், வரிசை மாற்றியும் தரும். இழப்பையும் வரிசையையும் சரிசெய்யப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்காமல், பல ஆண்டுகள் சோதிக்கப்பட்ட டிசிபியின் மீதே அனைத்தையும் அமைத்தது ஐஇடிஎஃப் குழுவின் சிறந்த முடிவு என்பது என் கருத்து. அதே நேரத்தில் டிசிபியின் 16 பிட் சரிபார்ப்புக் கூட்டுத்தொகையை (தரவு பழுதாகியதா என்று காட்டும் எண்ணை) மட்டும் அவர்கள் நம்பிவிடவில்லை. நடுவில் உள்ள கருவி ஒன்று பாக்கெட்டைப் பிரித்து, பழுதான தரவின் மீதே புதிய கூட்டுத்தொகையைக் கணக்கிட்டு அனுப்பிவிடக்கூடும் என்பதால், ஐஸ்கஸியில் தனியாக 32 பிட் சிஆர்சி (CRC) என்ற பிழை காணும் சோதனை ஒன்றை வைத்தார்கள். அதைப் பயன்படுத்துவது விருப்பத்துக்கு உரியது. ஊர் விட்டு ஊர் செல்லும் தரவுக்குத் தயவுசெய்து அதை இயக்கி வையுங்கள்.

தாமதம் என்பதை எந்தத் தரநிலையாலும் நீக்க முடியாது. ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு 50 கிலோமீட்டர் என்று கொண்டால், போய்வர அரை மில்லி நொடி ஆகும். ஆனால் இணையச் சேவை நிறுவனம் உங்கள் தரவை பெங்களூருவுக்கோ சென்னைக்கோ அனுப்பித் திருப்பிக் கொண்டுவந்தால் இந்தக் கணக்கு பல மடங்காகும். போதாததற்கு, சாதாரண ஸ்கஸி எழுதுதலுக்கு, ‘எழுதப் போகிறேன்’, ‘சரி, அனுப்பு’, தரவு, ‘முடிந்தது’ என்று இரண்டு முறை போய்வர வேண்டும். கட்டளையுடனேயே தரவையும் சேர்த்து அனுப்பும் வசதி ஐஸ்கஸியில் உண்டு; சிறிய எழுதுதல்களில் அது ஒரு பயணத்தை மிச்சப்படுத்தும். எப்படியும், ஒவ்வொரு எழுதுதலும் தருமபுரியில் முடியும்வரை கிருஷ்ணகிரி காத்திருக்கும் முறை உங்களுக்குத் தேவையில்லை. சற்றுப் பின்தங்கி நகலெடுக்கும் முறையைக் கேட்டு வாங்குங்கள். இணைப்பு அறுந்தாலும் ஆலையின் வேலை நிற்காது.

கேள்வி: பாடத்தில் ஐஎஃப்சிபி என்ற நெறிமுறையும் வருகிறது. அது ஏன் எங்கும் பயன்பாட்டில் காணப்படவில்லை?
— ஒரு பொறியியல் மாணவி, தருமபுரி

பதில்: ஐஎஃப்சிபியும் (iFCP) எஃப்சிஐபி போலவே ஃபைபர் சேனல் தரவை ஐபி வழியாகக் கொண்டுசெல்வது; அது ஆர்எஃப்சி 4172 ஆக 2005 செப்டம்பரில் வந்தது. எஃப்சிஐபி சுரங்கப்பாதையால் இரண்டு வலையமைப்புகள் ஒன்றாகிவிடுவதால் ஒன்றின் குழப்பம் மற்றொன்றையும் தாக்கும். ஐஎஃப்சிபியோ இரு வலையமைப்புகளுக்கும் நடுவில் நிற்கும் வாயில் கருவியில் முகவரிகளை மாற்றி, இரண்டையும் தனித்தனியாகவே வைத்தது. வடிவமைப்பில் அதுவே தூய்மையானது என்று நான் எண்ணுகிறேன். ஆனால் ஃபைபர் சேனல் தரவுத் துண்டுகளை அப்படியே பொதிந்து அனுப்பும் எஃப்சிஐபி எளிது. பெரிய சுவிட்ச் நிறுவனங்களும் அதையே எடுத்துக்கொண்டன. ஐஎஃப்சிபியை முன்னெடுத்த நிஷான் நிறுவனத்தை 2003-இல் மெக்டேட்டா வாங்கியது. மெக்டேட்டாவை 2007-இல் புரோக்கேட் வாங்கியது. வலையமைப்புகளைப் பிரித்து வைக்கும் வழிகள் பின்னர் சுவிட்ச்களிலேயே வந்துவிட்டதால் அதன் தனிச்சிறப்பும் குறைந்தது.

கேள்வி: தரநிலைப்படி அமைந்த ஐஸ்கஸி கருவியை நேரடியாக இணையத்தில் இணைத்தால் பாதுகாப்பானதா?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: அல்ல. ஐபிசெக் (IPsec) என்னும், ஐபி தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கத்தைக் கருவியில் சேர்த்தே ஆக வேண்டும் என்று தரநிலை கட்டாயப்படுத்துகிறது; அதை இயக்குவதோ பயனரின் விருப்பம். சாப் (CHAP) என்னும், இரகசியக் குறியைக் கொண்டு செய்யும் அடையாளச் சோதனை யார் பேசுகிறார் என்பதை மட்டுமே உறுதிசெய்யும், தரவை மறைக்காது. அதிலும், ஐபிசெக் மறையாக்கம் இல்லாத இடத்தில் இரகசியக் குறி 96 பிட்டுக்குக் குறையக்கூடாது என்பது விதி. ஆகவே ஐஸ்கஸி பயன்படுத்தும் 3260 என்ற டிசிபி வாயிலை (port) வெளியுலகுக்குத் திறக்காமல், இரு அலுவலகங்களுக்கும் இடையே விபிஎன் (VPN, மறையாக்கப்பட்ட தனிப்பாதை) அமைத்து, அதற்குள் மட்டும் ஐஸ்கஸியை அனுமதியுங்கள்.