வர்த்தகக் கூட்டமைப்பை விட்டு ஒரு நாடு வெளியேறினால் வேலைவாய்ப்பும் முதலீடும் குறையுமா?

குறையும். ஆனால் எல்லோரும் பயப்படுகிற மாதிரி ஒரே நாளில் குறையாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்த கதையை (பிரெக்ஸிட்) மட்டும் வைத்துச் சொல்கிறேன். அந்த வருடங்கள் முழுக்க பர்மிங்காம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன்.

2016 ஜூன் 23 அன்று வாக்கெடுப்பு. வெளியேறலாம் என்றவர்கள் 51.9%. வெளியேற வாக்களித்தால் இரண்டே வருடத்தில் 5 லட்சம் வேலை போய்விடும் என்று நிதியமைச்சகம் அதற்கு முந்தைய மாதம்தான் எச்சரித்திருந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. 2019ல் வேலையின்மை 4 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. எங்கள் கேன்டீனில் சிலர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள்.

அடி விழுந்தது முதலீட்டில்தான். ஜெர்மனியிலிருந்து, தகட்டை அழுத்திப் பாகம் அடிக்கிற ஒரு பிரஸ் மெஷின் வாங்க 2016 தொடக்கத்திலேயே கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தோம். வாக்கெடுப்பு முடிவு வந்ததும் முதலாளி "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்றார். பவுண்டு சரிந்துவிட்டது, அதே யூரோ விலைக்கு இன்னும் நிறைய பவுண்டு எண்ணி வைக்க வேண்டும். அது கூடப் பரவாயில்லை. மெஷின் பதினைந்து வருடம் ஓடும். அதில் அடிக்கிற பாகம் ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போகுமா என்று அடுத்த வருடத்துக்கே யாருக்கும் தெரியாது. 2017ல் மறுபடி கொட்டேஷன், 2018ல் மறுபடி. அந்த மெஷினுக்கென்று எடுக்க நினைத்திருந்த மூன்று ஆட்களை எடுக்கவேயில்லை. யாரும் வேலை இழக்காததால் எந்தக் கணக்கிலும் அது ஏறவில்லை. 2016 முதல் 2019 வரை நாட்டின் தொழில் முதலீடே கிட்டத்தட்ட நின்ற இடத்தில் நின்றது.

பெரிய கம்பெனிகள் பக்கம் வந்தால், ஸ்விண்டனில் இருந்த ஹோண்டா ஆலையை மூடப்போவதாக 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். சுமார் 3,500 வேலை. பிரெக்ஸிட் காரணமில்லை என்று ஹோண்டாவே சொன்னது. இருக்கலாம். ஆனால் ஜப்பானுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குமான வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும் அதே மாதம்தான். ஜப்பானிலிருந்தே வரியில்லாமல் கார் அனுப்ப வழி திறக்கும்போது ஸ்விண்டனைக் கட்டிக் காப்பானேன்? நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: சண்டர்லாந்து நிஸான் ஆலை இன்னும் ஓடுகிறது, மின்சாரக் காருக்குப் புது முதலீடும் வந்தது.

2020 டிசம்பர் 24 அன்று பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் வர்த்தக உடன்பாடு ஏற்பட்டது. வரி பூஜ்யம். சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். அப்புறம்தான் காகிதம் ஆரம்பித்தது. ஒவ்வொரு லோடுக்கும் சுங்க அறிக்கை, ஏஜென்ட் கட்டணம், பாகம் எங்கே செய்யப்பட்டது என்பதற்குச் சான்று. இதற்காகவே இரண்டு பேரை வேலைக்கு எடுத்தோம். ஆக, எங்கள் கம்பெனிக்கு பிரெக்ஸிட் கொடுத்த வேலைவாய்ப்பு படிவம் நிரப்புவது! வாடிக்கையாளர் கூடுதலாக ஒரு பைசா தரவில்லை.

ஆள் விஷயத்தில் இன்னும் வேடிக்கை. 2021ல் வேலை இருந்தது, ஆள் இல்லை. லாரி டிரைவர் பற்றாக்குறையில் அந்த செப்டம்பரில் பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. அரசு 5,000 டிரைவர்களுக்குத் தற்காலிக விசா அறிவித்தது. கொரோனாவும் சேர்ந்துகொண்டதால் எது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். ஐரோப்பியர்கள் இனி தடையின்றி வர முடியாது என்பதால், 2022ல் முதியோர் பராமரிப்பு வேலைக்கு விசா திறந்தபோது இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் நிறைய பேர் வந்தார்கள்.

ஒன்றியத்திலேயே இருந்திருந்தால் இருக்கக்கூடியதைவிட பிரிட்டனின் உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4% குறையும் என்பது பட்ஜெட் கணிப்புகளைத் தயாரிக்கும் ஓ.பி.ஆர். அமைப்பின் மதிப்பீடு. எங்கள் பிரஸ் மெஷின் கடைசியில் 2022ல் வந்தது. அதுவும் இயந்திரம் வாங்கினால் அதன் விலையில் 130 சதவீதத்தை வரி போடும் லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று அரசு இரண்டு வருடத்துக்கு வரிச்சலுகை கொடுத்ததால். அதற்குள் அதில் அடிக்க வேண்டிய பாகத்துக்கான ஆர்டரில் பாதி போலந்துக்குப் போயிருந்தது.