சாரா மாறி எது, சார்ந்த மாறி எது?

அறிவியல் சோதனைகளில் வரும் கருதுகோள், சாரா மாறி, சார்ந்த மாறி, கட்டுப்பாடு எல்லாம் குழப்புகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். வரையறையை மனப்பாடம் செய்வதைவிட ஒரு பழைய சோதனையைப் பார்த்துவிடலாம்.

அழுகும் இறைச்சியில் புழு தானாகவே உண்டாகிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடிக்குச் சந்தேகம். ‘ஈ இடும் முட்டையிலிருந்துதான் புழு வருகிறது’ என்பது அவருடைய கருதுகோள், அதாவது சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்ட ஊகம். சோதித்தால் அது பொய்யாகிப்போகவும் வாய்ப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் அபிப்பிராயம்.

சில குடுவைகளில் இறைச்சியைப் போட்டுத் திறந்தே வைத்தார். சிலவற்றை இறுக மூடினார். திறப்பதா மூடுவதா என்பது அவர் கையில் இருந்தது, அது சாரா மாறி. புழு வந்ததா என்பது அதைப் பொறுத்து மாறுவது, அது சார்ந்த மாறி. ஒப்பிட்டுப் பார்க்கத் திறந்தபடி விட்டவைதான் கட்டுப்பாடு. திறந்தவற்றில் புழு வந்தது, மூடியவற்றில் வரவில்லை.

அப்புறம் வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். காற்று போகாததால்தான் புழு வரவில்லை என்று யாராவது சொல்லலாம் இல்லையா? மூடியபோது ஈ, காற்று இரண்டுமே தடைப்பட்டுவிட்டன. ஆகவே மெல்லிய வலைத்துணியால் மூடிப் பார்த்தார். காற்று போனது, ஈ போகவில்லை. இறைச்சியில் புழுவும் இல்லை. 1668-இல் இதைப் புத்தகமாகவே வெளியிட்டார்.