பிளாட்ஹெட் வி8-ஐ உப்புவெளியில் ஓட்டுவது: கேட்டவையும் என் பதில்களும்

கலிபோர்னியாவில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து, 1929 ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டர் ஒன்றில் பழைய ஃபோர்டு பிளாட்ஹெட் வி8 எஞ்சினை ஏற்றி, யூட்டா மாநிலத்துப் பான்வில் உப்புவெளியில் வேகச் சாதனைப் போட்டிகளில் ஓட்டிவருகிறோம். அதைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எஞ்சின் என் பொறுப்பு, சேஸும் வெல்டிங்கும் மற்றவர்கள் பார்ப்பது, அதனால் அந்தப் பக்கம் கேட்டவர்களுக்குப் பதில் கொஞ்சம் சுருக்கமாகத்தான் இருக்கும்.

கேள்வி: அண்ணா, அடிப்படையிலிருந்து கேட்கிறேன். பிளாட்ஹெட் என்றால் என்ன?

நம் ஊர்ப் பழைய மெக்கானிக்குகள் சைடு வால்வு என்பார்களே, அதுதான். வில்லிஸ் ஜீப்பில் இருந்தது இந்த வகை, முதலில் வந்த அம்பாசடரிலும் இதுதான். வால்வுகள் ஹெட்டில் இருக்காது, சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்குக்குள்ளேயே தலையை மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ஹெட் என்பது கிட்டத்தட்ட ஒரு மூடி. ஃபோர்டு இந்த வி8-ஐ 1932-ல் 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன் என்று கொண்டுவந்தது. எட்டு சிலிண்டரையும் ஒரே வார்ப்பில் எடுத்து, சாதாரண ஆள் வாங்குகிற விலைக்குக் காரில் வைத்ததுதான் அன்றைக்குப் பெரிய விஷயம். அமெரிக்கக் கார்களில் 1953 வரை ஓடியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிபோர்னியாப் பையன்கள் பழைய கடையில் மலிவாக வாங்கி, காய்ந்த ஏரிகளில் வேகம் பார்த்தது எல்லாம் இந்த எஞ்சினில்தான்.

கேள்வி: சரி சார், ஆனால் இந்தக் காலத்தில் ஏன்? ஒரு புது வி8 எஞ்சினைப் போட்டால் ஒரே நாளில் இதைவிட இரண்டு மடங்கு பவர் வருமே?

வரும். 1955-ல் ஷெவர்லே சின்ன வி8 வந்ததுமே பிளாட்ஹெட்டின் கதை முடிந்தது என்று சொல்லலாம். ஆனால் அங்கே எல்லோரும் எல்லோருடனும் மோதுவதில்லை. போட்டியை நடத்துகிற எஸ்.சி.டி.ஏ. அமைப்பு 1937-ல் தொடங்கியது, வண்டியின் உடல் ஒரு வகை, எஞ்சின் ஒரு வகை, எரிபொருள் ஒரு வகை என்று பிரித்து ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனிச் சாதனை வைத்திருக்கிறார்கள். 1932 முதல் 1953 வரையிலான ஃபோர்டு, மெர்க்குரி (ஃபோர்டு கம்பெனியின் இன்னொரு பிராண்டு) பிளாட்ஹெட்டுக்கு எக்ஸ்.எஃப். என்று தனி வகுப்பு, 325 கன அங்குலம் வரை போகலாம். ஆக நான் மோதுவது புது எஞ்சினோடு இல்லை, என்னைப் போலவே இந்த இரும்போடு மல்லுக்கட்டுகிற இன்னொரு ஆளோடு. அப்புறம் உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தம் வேறு எதிலும் வராது.

கேள்வி: நான் ஒரு பிளாக் வாங்கிவிட்டேன். அடுத்து என்ன வாங்கட்டும், கேமா, ஹெட்டா, கார்புரேட்டரா?

விதிப்புத்தகம் வாங்குங்கள். கிண்டல் இல்லை. எல்லோரும் எஞ்சினிலிருந்து ஆரம்பித்து உடலுக்கு வருகிறார்கள், நாங்களும் அப்படித்தான் செய்தோம், ஒரு வருடம் வீணானது. எந்த வகுப்பு, அதில் இப்போது சாதனை எவ்வளவு, அதைத் தாண்ட என்ன பவர் வேண்டும், அந்த பவர் உங்கள் எஞ்சினில் வருமா என்று பின்னாலிருந்து வாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு, அதைத் தள்ள வேண்டிய பவர் எட்டு மடங்கு. 100 மைலில் போகிற ரோட்ஸ்டரை 200 மைலுக்குக் கொண்டுபோக நினைப்பவர் இந்த எட்டை எங்கிருந்து கொண்டுவருவார்? திறந்த ரோட்ஸ்டர் ஒரு பீரோவைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து இழுப்பது போலத்தான். அதனால்தான் பில் பர்க் 1946-ல் போர் விமானத்தின் எரிபொருள் தொட்டியை எடுத்து அதற்குள் எஞ்சினை வைத்தார், பிறகு அந்தத் தொட்டி வண்டிகள் ஒரு இனமாகவே பெருகின. 1950-ல் அலெக்ஸ் சைடியாஸின் சோ-கேல் ஸ்ட்ரீம்லைனர் (காற்று வழுக்கிப்போகிற மாதிரி முழுக்க மூடிய வண்டி) மெர்க்குரி பிளாட்ஹெட்டை வைத்துப் பான்வில்லில் மணிக்கு 208 மைல் சராசரி எடுத்ததும் உடலின் வடிவத்தால்தான். குதிரைத்திறனைவிடக் காற்றைச் சரிசெய்வது மலிவு.

கேள்வி: பழைய பிளாக்கை எப்படி நம்புவது?

நம்பாதீர்கள். வால்வு சீட்டுக்கும் சிலிண்டர் துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற சின்ன இடத்தில் விரிசல் விடுவது இந்த எஞ்சினின் பிறவிக் குணம். கண்ணுக்குத் தெரியாது. வெந்நீர்க் காரத்தில் போட்டுத் துரு, கிரீஸ் எல்லாம் போனபிறகு காந்தத்தூள் சோதனை செய்தால்தான் கோடு தெரியும். எங்களுக்கு முதல் பிளாக்கை விற்றவர், விரிசலே இல்லை, என் அப்பா காலத்திலிருந்து ஷெட்டில் இருந்தது என்று அடித்துச் சொன்னார். மூன்று இடத்தில் விரிசல். இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதுதான் இப்போது வண்டியில் இருக்கிறது. போர் பண்ண, அதாவது சிலிண்டர் துவாரத்தைக் குடைந்து பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் சுவரின் கனத்தை ஒலிமானி வைத்து அளக்கச் சொல்லுங்கள், வார்க்கும்போது உள்ளே அச்சு நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் தாள் மாதிரியும் இருக்கும்.

கேட்டவருக்காக எங்கள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: 239 கன அங்குல பிளாக், 3 5/16 அங்குலத்துக்கு போர், மெர்க்குரியின் 4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம்) கிராங்க், மொத்தம் 276 கன அங்குலம். பழைய ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற எண் இது. 3 3/8 போரும் 4 1/8 ஸ்ட்ரோக்கும் வைத்து 296 வரை போகிறவர்கள் உண்டு, எனக்கு அந்தச் சுவர்க் கனத்தைப் பார்த்தால் தூக்கம் வராது. கிராங்கைத் தாங்க மூன்றே மூன்று மெயின் பேரிங்தான் என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: பிளாட்ஹெட் என்றாலே ஹீட் ஆகும் என்கிறார்களே, பம்ப் பெரிதாகப் போட்டால் சரியாகுமா?

பம்பின் தப்பு இல்லை. எரிந்த வாயு வெளியே போகிற வழி பிளாக்கின் உள்ளே, தண்ணீருக்கு நடுவே, சிலிண்டர்களை உரசிக்கொண்டு போகிறது. அதாவது வெளியே போக வேண்டிய சூட்டை வெளியே விடுவதற்கு முன் தண்ணீருக்கு ஊட்டிவிடுகிறது. போதாக்குறைக்கு ஒரு பக்கத்துக்கு நாலு சிலிண்டர், ஆனால் வெளிவாய் மூன்றுதான், நடுவில் இருக்கிற இரண்டும் ஒரே வாயைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. சூடு அங்கேதான் குவியும். நாங்கள் அந்த நடுவாயில் ஒரு தடுப்புத் தகடு வைத்து இரண்டின் மூச்சையும் பிரித்தோம்.

சாலையில் ஓட்டுகிறவருக்கு இது தீராத தலைவலி. நமக்கு அப்படி இல்லை, ஏனென்றால் ஓட்டம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ரேடியேட்டரையே கழற்றிவிட்டு, பின்னால் 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறோம். தண்ணீர் சூடாகி முடிப்பதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். மூக்கை மூடிக்கொள்ளலாம், காற்று உள்ளே நுழையாது, பின்சக்கரத்தின் மேல் எடையும் கிடைக்கிறது. ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

கேள்வி: ஹெட்டை நன்றாகச் சீவி கம்ப்ரஷனை 10-க்கு ஏற்றினால்?

தம்பி, எல்லோரும் விழுகிற குழி இது. வால்வு ஹெட்டிலேயே இருக்கிற மேல்வால்வு எஞ்சினில் அந்தக் கணக்குச் சரி. இங்கே வால்வு பக்கத்தில் இருக்கிறது, கலவை மேலே ஏறி, திரும்பி, பிளாக்கின் மேல்தளத்தைத் தாண்டிச் சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். ஹெட்டைச் சீவச் சீவ அந்தத் தாண்டும் வழி குறுகிப்போகும். கம்ப்ரஷன் ஏறும், மூச்சு அடைக்கும். 8-க்கு மேலே போகும்போது கிடைப்பதைவிட இழப்பது அதிகம் என்பது என் அனுபவம். பிளாக்கின் மேல்தளத்தைச் செதுக்கி வழிவிடுவதும் உண்டு, அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது, செதுக்கச் செதுக்கக் கம்ப்ரஷன் இறங்கும். அங்கே ஒரு மில்லிமீட்டர், இங்கே ஒரு மில்லிமீட்டர் என்று பேரம் பேசிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கேள்வி: அப்படியானால் சூப்பர்சார்ஜர்?

அதுதான் இந்த எஞ்சினுக்குப் பொருத்தம். தானாக இழுக்கத் தெரியாத எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளிவிடுவது. பார்னி நவாரோ அந்தக் காலத்திலேயே ஜி.எம். டீசல் எஞ்சினின் 3-71 புளோயரைக் கழற்றிப் பிளாட்ஹெட்டின் மேல் உட்கார வைத்தார். உப்புவெளி கடல்மட்டத்திலிருந்து 4,200 அடி உயரத்தில் இருக்கிறது, ஆகஸ்ட் வெயிலும் சேர்ந்தால் காற்று இன்னும் மெலிந்துவிடும், சாதாரணமாக இழுக்கிற எஞ்சின் வீட்டில் காட்டுகிற பவரை அங்கே காட்டவே காட்டாது. புளோயரும் மெத்தனாலும் சேர்ந்தால் அந்த நட்டம் ஈடாகும், மெத்தனால் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சியும் தரும். ஆனால் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் குடிக்கும், குழாய், பம்ப் எல்லாம் அதற்கேற்ப மாற்ற வேண்டும், வகுப்பும் மாறிவிடும். ஒன்று கவனம்: மெத்தனால் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது.

ஆர்டன் ஹெட்டைப் பற்றி இரண்டு பேர் கேட்டீர்கள். பின்னால் ஷெவர்லேயின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரால் பேர்வாங்கிய ஸோரா ஆர்கஸ்-டன்டோவ் செய்தது, பிளாட்ஹெட் பிளாக்கின் மேல் போடுகிற மேல்வால்வு ஹெட். அழகான பொருள். போட்டால் எக்ஸ்.எக்ஸ்.எஃப். வகுப்புக்குப் போய்விடுவீர்கள்.

கேள்வி: கியர் விகிதம் எப்படி முடிவு செய்வது?

எளிய கணக்கு. சுற்று எண்ணிக்கையை டயரின் விட்டத்தால் (அங்குலத்தில்) பெருக்கி, கியர் விகிதத்தாலும் 336-ஆலும் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். எங்கள் முதல் வருடம்: 4,900 சுற்று, 28 அங்குல டயர், 3.00 விகிதம், கணக்குப்படி 136 மைல். வேகம் அளந்து கொடுத்த சீட்டில் வந்தது 128. அந்த 8 மைல் எங்கே போனது என்று எஞ்சினை இரண்டு மணிநேரம் நோண்டினோம். எஞ்சினில் ஒன்றுமில்லை, சக்கரம் உப்பில் வழுக்கிக்கொண்டே போயிருக்கிறது. தார்ச்சாலை மாதிரி பிடிப்பு அங்கே கிடையாது. ஆகவே சந்தேகம் இருந்தால் கொஞ்சம் குட்டையான (விகித எண் பெரிய) கியரையே போடுங்கள், நீளமான கியரில் எஞ்சின் பவர் வருகிற சுற்றுக்கே ஏறாமல் முனகிக்கொண்டு முடிந்துவிடும்.

கேள்வி: எடையைக் குறைத்தால் வழுக்காதா?

தலைகீழ். ஏற்றுங்கள். தூரம் மைல்கணக்கில் இருக்கிறது, மெதுவாக வேகம் பிடித்தால் போதும், அதனால் எடை பெரிய எதிரி இல்லை. நாங்கள் ஈயக்கட்டிகளைச் சேஸில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறோம். அடுத்த வருடம் வழுக்கல் பாதியாகக் குறைந்தது. டிராக் ரேஸ் என்கிற குறுந்தூர இழுவைப் பந்தயத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதை நம்பவே முடியாது.

கேள்வி: ஒரு தடவை வேகமாகப் போய்விட்டால் சாதனையா?

இல்லை. ஸ்பீடு வீக் என்கிற பான்வில் போட்டி வாரத்தில், முதலில் இருக்கிற சாதனையைத் தாண்டி ஒரு ஓட்டம் ஓட வேண்டும். வண்டி உடனே காவல் இடத்துக்குப் போகும், அங்கே வைத்து நாலு மணிநேரம் வேலை பார்க்கலாம், மறுநாள் காலை மறுபடி ஓட்டம். இரண்டின் சராசரி பழையதைத் தாண்டினால்தான் புத்தகத்தில் பெயர். நாங்கள் அந்தக் காவல் இடத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான். பிளாட்ஃபயர் என்ற ஸ்ட்ரீம்லைனர் பிளாட்ஹெட்டை வைத்து 300 மைலைத் தாண்டியிருக்கிறது, அதையும் நினைத்துக்கொள்வேன், பொறாமையாகத்தான் இருக்கும்.

உப்பும் நம் கையில் இல்லை. 2014, 2015 இரண்டு வருடமும் ஸ்பீடு வீக் ரத்து. 2022-ல் மழைத்தண்ணீர் தேங்கி மறுபடி ரத்து, நாங்கள் வண்டியை டிரெய்லரில் ஏற்றி முடித்த பிறகு.

கேள்வி: எங்கள் தாத்தாவின் லாரி, போர்க்காலத்து ஃபோர்டு, கனடாவில் செய்தது, ஷெட்டில் கிடக்கிறது. அந்த வி8 உதவுமா?

உதவலாம். போருக்காகக் கனடா ஃபோர்டு செய்த அந்த லாரிகளில் 239 கன அங்குல பிளாட்ஹெட்தான் இருந்தது, இந்தியப் பக்கமும் நிறைய வந்தன. ஒவ்வொரு ஹெட்டிலும் 24 ஸ்டட் (ஹெட்டை இறுக்குகிற போல்ட்) இருக்கிறதா என்று எண்ணிப்பாருங்கள். ஆனால் தயவுசெய்து இப்போதே சாவியைப் போட்டுச் சுற்றிப் பார்க்காதீர்கள், பிளக்கைக் கழற்றி எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் விட்டு, கையால் மெதுவாகத் திருப்புங்கள். ஒன்று சொல்லட்டுமா, லாரி முழுதாக இருந்தால் எஞ்சினைக் கழற்றாதீர்கள். லாரியையே ஓடவையுங்கள்.

கேள்வி: வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன சொல்லிச் சமாளித்தீர்கள்?

சமாளிக்கவில்லை, கூட்டிக்கொண்டு போய்ச் சோதனை செய்கிற இடத்தில் நிற்கவைத்தேன். ரோல் கேஜ், பெல்ட், தீயணைப்பு, உடை எல்லாவற்றையும் அவர்கள் தட்டித்தட்டிப் பார்ப்பதைப் பார்த்த பிறகு என் மனைவி சொன்னது, நம் தெருவில் ஸ்கூட்டரில் போவதற்கு இது தேவலாம் என்று. புதியவரை முதல்நாளே முழுவேகத்தில் விடவும் மாட்டார்கள், படிப்படியாக ஓட்டிக்காட்டித்தான் உரிமம் ஏறும்.

கேள்வி: ஓட்டம் முடிந்த பிறகு என்ன வேலை?

கழுவுவது. உப்புவெளிக்குப் பக்கத்து வெண்டோவர் ஊருக்கு வந்ததும் கழுவுவோம், வீட்டுக்கு வந்து கழுவுவோம், எல்லாம் கழற்றி மறுபடி கழுவுவோம். போன மாதம் பின் ஆக்சிலைப் பிரித்தபோது சேஸ் குழாய்க்குள்ளிருந்து ஒரு பிடி உப்பு கொட்டியது. எந்த வருடத்து உப்பு என்று எங்களுக்குள் இன்னும் சண்டை.