தேக்கு மேசை வெடித்ததற்குக் காரணம் மரம் அல்ல

வணக்கம் நண்பரே. 3 அடி அகலத் தேக்குப் பலகையை இரும்புச் சட்டத்தில் திருகி முடுக்கிக் கொடுத்தீர்கள், வாடிக்கையாளரின் ஏசி அறையில் நாரோடு நீளவாக்கில் வெடித்துவிட்டது, மரக்கடைக்காரர் ஏமாற்றினாரா என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தைப் பார்த்தால் மரம் நல்ல மரம்தான். திருகிய விதம்தான் கோளாறு.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, அகலவாக்கில் அசையும். ஏசி அறையில் மரத்துக்குள் இருக்கும் ஈரப்பதம் 4 சதவீதம் இறங்கினாலே 3 அடி அகலம் 5 முதல் 7 மி.மீ. வரை சுருங்கும். இரும்பு விட்டுக்கொடுக்காது, பலகைதான் பிளக்கும். பாலிஷ் இதைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

இப்போதைக்கு வெடிப்பை அடைக்க மக்கு (நிரப்பும் பசை) வைக்காதீர்கள். திருகுகளைத் தளர்த்தி, அதே அறையில் சில வாரம் விடுங்கள். வெடிப்பு மூடிக்கொண்டாலும் பசை தேவை. அந்தக் கோட்டிலேயே அறுத்து, இழைத்து, மறுபடி ஒட்டுவதுதான் என் தேர்வு. அகலம் கொஞ்சம் குறையும், வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சட்டத்தில் நடுத் துளையை மட்டும் அப்படியே விட்டு, மற்றவற்றை நாருக்குக் குறுக்காக 10 மி.மீ. நீளத் துளையாக்குங்கள். வாஷர் போட்டு, பலகை நகரும் அளவுக்கே முடுக்குங்கள். அடிப்பக்கத்துக்கும் மேலே அடித்த அதே பாலிஷ் வேண்டும், இல்லையென்றால் பலகை குழிந்துகொள்ளும். அடுத்த மேசைக்கு முன் மரத்தின் ஈரப்பதத்தை அளக்கும் ஒரு மாய்ஸ்ச்சர் மீட்டர் வாங்குங்கள். ஏசி வீட்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டிக் காட்டினால் தைரியமாக அறுக்கலாம்.